வலையை அறுத்தவர்கள்

கொல்வது மெஷினின் வேலை. ஏன் கொன்றது என்று எழுதிக் கொடுப்பது லிடியாவின் வேலை. அரசாங்கம் அதற்கு 'முடிவு விளக்குநர்' என்று பெயர் வைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையும் கொடுத்திருந்தது. படித்த பெண், கடற்கரை ஊர்க்காரி, கடலும் தெரியும் கம்ப்யூட்டரும் தெரியும் என்று தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய ஊரான மடத்துறையில், லிடியாவுக்கு ஏசி ரூமில் வேலை என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு துறைமுகத்தில் மீன்பிடிப் படகு வேஷத்தில் நுழைந்த சிலர் வெடிகுண்டு வைத்துவிட்டுப் போனார்கள். நிறையப் பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் கடல்வேலித் திட்டம் வந்தது. கரை நெடுக ட்ரோன்கள் காவலுக்கு ஏறின. மீனவர்கள் அதைப் பருந்து என்றார்கள். எந்தப் படகு நல்ல படகு, எது கெட்ட படகு என்று பருந்தே பார்க்கும், பருந்தே முடிவு செய்யும், பருந்தே சுடும். நடுவில் எதிரி புகுந்து அதன் காதில் ஏதாவது ஓதிவிடக் கூடாது என்று, மேலே ஏறிய பிறகு யார் உத்தரவையும் ஏற்காதபடி அதைச் செய்திருந்தார்கள். பார்த்ததை எல்லாம் கீழே அனுப்பும். கீழேயிருந்து சொல்வது எதையும் கேட்காது. இதைச் சிறப்பம்சம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், கேட்டால் சிரிக்கத்தான் வேண்டும்.

அன்று காலை பருந்து ஒரு ஃபைபர் படகை உடைத்திருந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆயுதம் இல்லை, கடத்தல் சரக்கு இல்லை, ஐஸ் பெட்டியும் சோற்று வாளியும்தான் மிதந்தன. லிடியா திரையில் மெஷின் சொன்ன காரணத்தைத் திறந்து படித்தாள்.

ஒரு படகு தண்ணீர் ஏறி மூழ்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு வலை விட்டிருந்தது. முதல் படகு மூழ்குவதைக் கண்டதும் இரண்டாவது படகு வலையை அறுத்துவிட்டு முழு வேகத்தில் அதை நோக்கிக் கிளம்பியது. இவ்வளவு விலையுள்ள வலையை எந்த மீனவனும் தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவனுக்காகக் கைவிடமாட்டான். ஆகவே இது மீன்பிடிப் படகு அல்ல. உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

லிடியா இன்னொரு முறை படித்தாள். மெஷின் தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடலில் ஒரு படகு கவிழ்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறவன் வலையை அறுத்துவிட்டுப் போக வேண்டும். நீரோட்டத்தோடு மிதக்க விடும் வழிவலையை முழுக்க இழுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீரில் கிடப்பவன் அதுவரை தாங்கமாட்டான். அறுத்த வலை நீரோட்டத்தில் போனால் போனதுதான். ஆனாலும் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. காப்பாற்றியவன் சொல்லிக்காட்டக் கூடாது, காப்பாற்றப்பட்டவன் விலை கேட்கக் கூடாது. அடுத்த ஞாயிறு பிழைத்தவன் வீட்டிலிருந்து ஒரு சட்டி குழம்பு போகும், அத்தோடு சரி. லிடியாவின் அப்பா இஞ்ஞாசியை இப்படி ஒரு முறை தூக்கி வந்து கரையில் போட்டார்கள். யார் வலையை அறுத்து வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

மெஷினின் முடிவு தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, லிடியா இயக்குநர் சாரங்கனின் அறைக்குப் போனாள். சாரங்கன் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர், எதிரே இருப்பவருக்கு டீ வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தன் கோப்பையைத் தொடுவார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"வலையை அறுக்கிறவன் மீனவன் இல்லைன்னு இதுக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல, லிடியா. அதுவே கத்துக்கிச்சு. வருஷக்கணக்கா மேலேருந்து பாக்குதில்ல. வலையை விட்டுட்டு ஓடினவங்கள்ல பிடிபட்டவங்க அத்தனை பேரும் கடத்தல்காரங்க. சும்மா மூழ்கற மாதிரி ஒரு படகை நிறுத்தி வச்சு, உதவிக்கு வர்ற மாதிரி வந்து சரக்கு மாத்தறாங்க."

"பிடிபடாதவங்க?"

"அவங்களைப் பத்தித்தான் நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே."

"எங்க ஆளுங்க போவாங்க சார். யாருன்னு தெரியாட்டியும் போவாங்க."

சாரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நம்பறேன். ஆனா மெஷின் என்னோட நம்பிக்கையை வாங்கிக்காது. எடுத்துக்காட்டு கேக்கும். எந்தப் படகு, எந்த இடம், எப்போ வலையை அறுத்தாங்க, யாரைக் காப்பாத்தினாங்க. எங்கேயாவது பதிவு இருக்கா?"

இல்லை. எப்படி இருக்கும்? வாய் திறக்கக் கூடாது என்பதுதானே வழக்கம்.

"புதுசா சேர்த்து அதுக்குப் பழக்கலாம்," என்றார் சாரங்கன். "ஆனா ஒவ்வொரு எடுத்துக்காட்டும் ஒரு படகு. அது கத்துக்கறதுக்குள்ள எத்தனை படகு போகும்னு நினைச்சுப் பாருங்க."

"அதுவரை இறக்கி வைக்கலாமே சார்."

"மேலிடத்துல கேட்டுட்டேன். துறைமுகத்துல செத்தவங்க குடும்பத்துக்கு யார் பதில் சொல்றதுன்னு கேக்கறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார். "மெஷினை மாத்த நாளாகும். மனுஷங்களை மாத்த ஒரு கூட்டம் போதும். கொஞ்ச நாளைக்கு வலையை அறுக்க வேண்டாம்னு சொல்லிப் பாருங்களேன். உங்க ஊர்தானே, நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் அண்ணன் காஸ்பர் தினமும் கடலுக்குப் போகிறவன். எங்கே எவன் கவிழ்ந்தாலும் முதலில் கத்தியை எடுக்கிற ஆள். அந்த நினைப்பு வந்ததும் கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு சரி என்றாள்.

மடத்துறை ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள். லிடியா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வலையை அறுக்காதீங்க. எவன் கவிழ்ந்தாலும் சரி. வலையை முழுசா இழுத்துப் போட்டுட்டு, எப்பவும் போற வேகத்துல போங்க. அவசரம் காட்டினா பருந்து சுட்டுரும்."

காஸ்பர் சிரித்தான். ஆள் தடியன், சிரித்தால் வயிறு குலுங்கும்.

"ஏ பிள்ள, வலைய இழுத்து முடிக்கதுக்குள்ள தண்ணிக்குள்ள கெடக்கவன் என்ன செய்வான்? செபமாலை சொல்லிக்கிட்டு இருப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, வெளாட்டு இல்ல. நீங்க போனா நீங்களும் சாவீங்க, அவனும் சாவான். இதுவரைக்கும் யாரு யாருக்காக வலையை அறுத்தீங்கன்னு சொன்னாலாவது நான் எழுதிக் கொடுத்துப் பாப்பேன். சொல்லுங்க."

இப்போது சிரிப்பு நின்றது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்று பெண்கள் பக்கத்தில்கூட முணுமுணுப்பு எழுந்தது. காஸ்பரின் கூட்டாளி தொம்மைதான் கடைசியில் பேசினான்.

"அதெல்லாம் எதுக்குத் தாயி கேக்க? செஞ்சதச் சொல்லிக்காட்டுனா செஞ்சதுக்கு என்ன மரியாத?"

அவ்வளவுதான் கூட்டம். ஒருத்தன்கூட ஒரு பெயரைச் சொல்லவில்லை. மரியாதை என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிற ஊர். லிடியா தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பருந்து அடுத்ததாக உடைத்தது மடத்துறைப் படகையே. ரொசாரியும் அவன் மருமகனும், புன்னக்காயலோ எங்கேயோ இருந்து வந்த ஒரு படகுக்காக வலையை அறுத்துவிட்டு ஓடியிருந்தார்கள். மருமகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். ரொசாரியின் வீட்டில் தாயும் மகளும் ஒரே நாளில் தாலியைக் கழற்றினார்கள்.

லிடியா நாலு கூட்டம் போட்டாலும் நடந்திருக்காத காரியத்தை அந்த ஒரு சாவு நடத்திக் காட்டியது. பெண்கள் புறப்பட்டார்கள். காஸ்பரின் மனைவி செபஸ்தி முன்னால் நின்று, ஊர் ஆண்கள் எல்லோரையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாதா முன்னால், பிள்ளைகளின் தலையில் அடித்து, வலையை அறுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்தார்கள். கடைசிவரை மசியாமல் நின்றவன் காஸ்பர்தான். செபஸ்தி தன் மகளைக் கொண்டுபோய் அவன் கைக்குக் கீழே நிறுத்தினாள்.

"அடிச்சுச் சொல்லும். இல்லன்னா நானும் பிள்ளையும் எங்க அம்ம வீட்டுக்குப் போறோம்."

காஸ்பர் மகள் தலையில் கை வைத்தான். லிடியாவைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் ஒன்னாலதான் பிள்ள," என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் பருந்து ஒரு மீனவனையும் சுடவில்லை. லிடியா மற்ற ஊர்களுக்கும் போய்ச் சொன்னாள், அங்கேயும் பெண்கள் இதேபோலச் சத்தியம் வாங்கினார்கள். சாரங்கன் லிடியாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார், பதவி உயர்வுக்கு எழுதினார். அவளும் பெருமைப்பட்டாள். ஏன் படக்கூடாது? அத்தனை பேர் உயிரோடு வீட்டுக்கு வருகிறார்களே.

கொஞ்ச நாள் கழித்து ஊருக்குப் போனபோது காஸ்பர் கடலுக்குப் போகாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். செபஸ்தி உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினாள். லிடியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னண்ணே?"

"நேத்து தெக்க ஒரு வள்ளம் கவுந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியிது. ரெண்டு பேரு கையக் காட்டுதான்."

காஸ்பர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் வலைய இழுத்தேன் பிள்ள. சத்தியம் பண்ணிருக்கனே. வலையில மீனு இருந்துச்சு. நல்ல மீனு. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. சனியன், அன்னைக்குன்னு பாத்து அவ்வளவு மீனு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போயிப் பாத்தா ஒருத்தன்தான் கெடந்தான். இன்னொருத்தன் அவன் அண்ணனாம்."

"நீ அறுத்துட்டுப் போயிருந்தா ஒன் படகுல மூணு பேரும் போயிருப்பீங்கண்ணே."

"தெரியும். ஒங்கிட்ட நாயம் கேக்கல. இனிமே கடல்ல பக்கத்துல படகு நின்னா என்ன, நிக்காட்டி என்னன்னு சொல்லுதேன்."

அந்த மீனை அவன் விற்கவில்லையாம், கரைக்கு வரும் வழியிலேயே கொட்டிவிட்டானாம். செபஸ்தி சொன்னாள்.

மேற்கேயிருந்து பலமாக அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிய பருவம். ஒரு மத்தியானம் லிடியா திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பருந்து மடத்துறைக்குக் கிழக்கே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆறேழு படகுகள் அப்போதுதான் வலை விட்டிருந்தன. அவற்றில் ஒன்று அலையில் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, நிமிராமலே கவிழ்ந்தது. அதன் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் மூன்று கரும்புள்ளிகள் தத்தளித்தன. திரையின் ஓரத்தில் படகின் பதிவு எண் வந்து நின்றது. அந்த எண்ணை அவள் படிக்கத் தேவையே இல்லை. பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

உதவிப் படகுக்குச் சொன்னாள். துறைமுகத்திலிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். சாரங்கனின் அறைக்கு ஓடினாள். அவர் எழுந்து நின்றார், இரண்டு பேருக்குப் போன் செய்தார், பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பருந்து மேலே ஏறிவிட்டது. எரிபொருள் தீர்ந்து அதுவாக இறங்கினால்தான் உண்டு.

திரும்பி வந்தபோது வயர்லெஸ்ஸில் தொம்மையின் குரல் கேட்டது.

"லிடியா இருக்காளா? லிடியா."

"இருக்கேன் மாமா."

"காஸ்பரு கவுந்துட்டான் தாயி. எனக்குத் தெரியிது. டீசல் கேனப் புடிச்சிருக்கான்."

"நானும் பாக்குறேன் மாமா."

"பருந்து நிக்கா?"

"நிக்குது."

"அத நிப்பாட்ட முடியுமா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் தங்கள் தங்கள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடியாது மாமா."

வயர்லெஸ் கரகரத்தது. காற்றின் சத்தமும், பின்னால் யாரோ ஒரு ஆள் அழுகிற சத்தமும் வந்தன.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள தாயி. என் படகுல இன்னும் ரெண்டு பேரு நிக்கான். நீ சொல்லு. நீ அறுக்கச் சொன்னா அறுக்கேன்."

போங்க மாமா என்ற வார்த்தை லிடியாவின் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் தொம்மை போயிருப்பான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாதி வழியில் படகு உடைந்திருக்கும். காஸ்பர் அப்படியேதான் கிடந்திருப்பான். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, அங்கே கிடப்பது கூடப் பிறந்தவன்.

"இழுங்க மாமா," என்றாள். "மெதுவா இழுங்க. அவசரம் காட்டாதீங்க."

தொம்மை இழுத்தான். மற்ற படகுகளும் இழுத்தன. மேலேயிருந்து பார்க்க எல்லாம் அமைதியாக இருந்தது. மனிதர்கள் வரிசையாக நின்று வலையை வாங்கிப் போட்டார்கள், மீனைக் கழற்றினார்கள். நடுவில் கவிழ்ந்த படகு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று புள்ளிகளில் ஒன்று கேனை விட்டு விலகியது, திரும்ப வந்து ஒட்டியது, மறுபடி விலகியது. யார் என்று அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை. லிடியா காஸ்பராக இருக்கக் கூடாது என்று வேண்டினாள். அப்படி வேண்டுவது மற்ற இருவரில் ஒருவன் சாகட்டும் என்று கேட்பது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு இரண்டு புள்ளிகள்தான் இருந்தன.

காஸ்பரை மறுநாள் கடல் கரையில் ஒதுக்கியது.

அடக்கம் முடிந்த பிறகு தொம்மை வீட்டுக்குள் வராமல் வேலியோரம் நின்றான். லிடியா வெளியே போனாள். அவன் எதற்கோ மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"மெதுவாத்தான் இழுத்தோம் தாயி. நீ சொன்ன மாதிரியே."

செபஸ்தி அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் தேவலாம் என்று லிடியா ஏங்கினாள். கிளம்பும்போது காலைப் பிடித்துக்கொண்டு, "மைனி, என்னய ரெண்டு அடியாவது அடியுங்க," என்று அழுதாள். செபஸ்தி அவளைத் தூக்கிவிட்டாள். "சத்தியம் வாங்குனவ நான்லா. ஒன்ன எதுக்கு அடிக்க?" என்றாள்.

அலுவலகத்தில் சாரங்கன் அவளுக்காகக் காத்திருந்தார். துக்கம் கேட்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு மெஷின் என்ன முடிவு பண்ணிச்சுன்னு பாத்தேன். சுத்தி இருந்த படகு எதுவும் வலையை அறுக்கலை. எல்லாம் மீன்பிடிப் படகுதான்னு உறுதி பண்ணியிருக்கு. தொண்ணூற்றொன்பது. இந்தக் கொஞ்ச மாசமா எந்த மீனவனுமே வலையை அறுக்கலை இல்லையா, அதனால அதோட கணிப்பு பலப்பட்டுடுச்சு."

"அப்போ அது சொன்னது தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தது?"

"தப்புன்னு காட்ட இனிமே ஒரு உதாரணம்கூட வராதே, லிடியா." அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "இப்போ அது சொல்றது உண்மைதானே."

உண்மைதான். எந்த மீனவனும் சம்பந்தமில்லாத ஒருவனுக்காக வலையைக் கைவிடமாட்டான். மெஷின் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. ஊர் ஊராகப் போய் அதை உண்மையாக்கியவள் லிடியா.

அவள் ராஜினாமா எழுதி வைத்திருந்தாள். அதைக் கொடுப்பதற்குள் சாரங்கன் இன்னொன்றும் சொன்னார். வடக்கே இரண்டு கரைகளில் புதிதாகப் பருந்து ஏற்றியிருக்கிறார்கள், இதே மெஷின், இதே பாடத்தோடு. போன வாரம் அங்கே வலையை அறுத்துவிட்டுப் போன ஒரு படகு உடைந்துவிட்டது. நாலு பேர். அங்குள்ளவர்களுக்கு இன்னும் விஷயமே தெரியாது. யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு.

காகிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு லிடியா போனாள்.

அது வேறு ஊர், வேறு பேச்சு, வேறு சாமி. அம்மன் கோயில் பந்தலில் கூட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் ஆண்கள் அதே மாதிரிதான் கேட்டுவிட்டு அதே மாதிரி சிரித்தார்கள். தண்ணியில கெடக்கறவன் அதுவரைக்கும் என்னா செய்வான் என்று ஒருத்தன் கேட்டான். முன்வரிசையிலிருந்து அஞ்சலாட்சி என்ற பெண் எழுந்தாள். மீன் விற்கும் கூடைக்காரி, கணீரென்ற குரல்.

"ஏம்மா, இவ்ளோ தூரம் வந்து வலைய அறுக்காத அறுக்காதன்னு சொல்றியே. ஒங்க வூட்ல யாராவது கடலுக்குப் போறாங்களா? போற வூட்டுப் பொண்ணுக்கு இப்படிச் சொல்ல வாய் வருமா?"

"எங்க அண்ணன் போனாரும்மா," என்றாள் லிடியா. "கடல்லதான் செத்தாரு."

கூட்டத்தில் எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அஞ்சலாட்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது.

"அவரு வலைய அறுத்துட்டுப் போனவரா தாயி?"

லிடியா பந்தலைப் பார்த்தாள். சிரித்த ஆண்கள் எல்லோரும் இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா," என்றாள்.

அஞ்சலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த தன் புருஷனின் கையைப் பிடித்து அம்மன் முன்னால் இழுத்துக்கொண்டு போனாள்.